வாடிக்கைக் கம்பெனி தள்ளாடும்போது பாக்கியைக் காப்பது எப்படி: டர்பன் வட்டாரச் சிறுவணிகர்களுக்கு

உங்களுக்குப் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி பற்றிக் கடிதம் வந்ததும் அதில் இரண்டு சொற்களில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று ‘பிசினஸ் ரெஸ்க்யூ’, மற்றது ‘லிக்விடேஷன்’. இங்கே முதலாவதை மீட்பு என்றும் இரண்டாவதைக் கலைப்பு என்றும் சொல்வோம். பேச்சில் இரண்டையும் சேர்த்து ‘திவால்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சட்டமும் கெடுவும் இரண்டுக்கும் வேறு. உங்கள் பணம் போகும் வழியும் வேறு.

மீட்பு தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயப்படி நடப்பது. கம்பெனியை ஒரு மீட்பு நிர்வாகி கையில் எடுத்து, கடன்கொடுத்தோரை நிறுத்திவைத்து, தொழிலைத் தூக்கி நிறுத்த ஒரு திட்டம் போடுவார். கலைப்பு என்பது கம்பெனியைப் பிரித்து விற்று, கிடைப்பதைப் பங்கிடுவது. கடன் கட்ட முடியாத கம்பெனியின் கலைப்பு இன்றைக்கும் 1973-ஆம் ஆண்டுப் பழைய கம்பெனிச் சட்டப்படியும் 1936-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படியும்தான் நடக்கிறது.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த்தில் அலுமினியக் கதவு, சன்னல் செய்யும் பட்டறை உங்களுடையது. கட்டட கான்ட்ராக்டர் கம்பெனி ஒன்று உங்களுக்கு 2,30,000 ரேண்ட் பாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கம்பெனி மீட்புக்குப் போய்விட்டது என்று மின்னஞ்சல் வருகிறது.

முதல் நாள்: தேதிகளைப் பிடியுங்கள்

கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் இணையதளத்தில் கம்பெனியின் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பதிவு அலுவலக முகவரி, இயக்குநர்கள் பெயர், மீட்புத் தீர்மானம் பதிவான தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானம் பதிவான 5 வேலைநாளுக்குள் கம்பெனி உங்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், நிர்வாகியையும் நியமித்திருக்க வேண்டும். நியமித்த 2 வேலைநாளுக்குள் அந்த நியமனம் பதிவாக வேண்டும். அடுத்த 5 வேலைநாளுக்குள் அதன் நகல் உங்களுக்கு வர வேண்டும். தவறினால் தீர்மானம் காலாவதியாகிவிடும் என்கிறது 2008 சட்டத்தின் 129-ஆம் பிரிவு.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். “கெடு தவறிவிட்டது, மீட்பு செல்லாது, நான் வழக்குப் போடுகிறேன்” என்று இறங்கிவிடுகிறார்கள். 2015-இல் பனாமோ வழக்கில் புளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தீர்மானம் காலாவதியானாலும் நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை மீட்பு நடந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே கெடு தவறியதைக் கண்டால் 130-ஆம் பிரிவின்படி மனுப்போட அட்டர்னியிடம் போங்கள். நீங்களாகவே அதைச் செல்லாததாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அதே நாளில் மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: கையெழுத்தான கிரெடிட் விண்ணப்பம், இன்வாய்ஸ்கள், சரக்கு பெற்றதற்கான கையெழுத்துத் தாள்கள், மாதவாரி ஸ்டேட்மென்ட், கடன் பற்றிய வாட்ஸ்அப் உரையாடல்கள். கிரெடிட் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பணம் திரும்பும் வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜாமீன்: முதலில் தட்ட வேண்டிய கதவு

மீட்பு தொடங்கியதும் 133-ஆம் பிரிவின் தடை விழும். நிர்வாகியின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் கம்பெனிமீது எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. நடுவர் விசாரணைகூட இதில் அடக்கம்தான். ஆனால் இந்தக் குடை கம்பெனிக்கு மட்டும். தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட இயக்குநர் இதன் கீழ் ஒதுங்க முடியாது என்று 2012-இல் கேப் டவுன் உயர் நீதிமன்றம் இன்வெஸ்டெக் வழக்கில் சொன்னது.

அதற்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. மீட்புத் திட்டம் நிறைவேறி, கம்பெனி கடனில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால், மீதிக்கு ஜாமீன்தாரர் தப்பிவிடுகிறாரா? 2014-இல் டியூனிங் ஃபோர்க் வழக்கில் ‘ஆம்’ என்ற தொனியில் தீர்ப்பு வந்தது; பலர் பயந்தார்கள். 2021-இல் ஆட்டோ கமாடிட்டீஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாக முடித்தது: திட்டம் ஏற்கப்பட்டால் கம்பெனிமீது கடனை வசூலிக்க முடியாமல் போகிறது, கடனே அழிந்துவிடுவதில்லை, ஜாமீன்தாரரின் பொறுப்பு நிற்கிறது. நிம்மதி தரும் தீர்ப்புதான். ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு. கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்து, நீங்களும் அதற்கு உடன்பட்டால் கதை மாறிவிடும். எனவே வாக்களிக்கும் முன், “கடன்கொடுத்தோர் ஜாமீன்தாரர்கள்மீது கொண்ட உரிமைகள் பாதிக்கப்படாது” என்ற வரியைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதுங்கள்.

ஜாமீன் பத்திரம் எதனால் விழுகிறது? 1956-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத் திருத்தத்தின் 6-ஆம் பிரிவுப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், ஜாமீன்தாரர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்து வாங்கும்போது கடன்கொடுத்தவர், கடன்பட்டவர், ஜாமீன்தாரர் என்ற மூன்று பெயர்களும் அதில் நிரம்பியிருக்க வேண்டும். இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கி, பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பினால் பத்திரம் செல்லாது. 1977-இல் ஃபூர்லமெல் வழக்கு முடிந்ததும் இந்தக் காரணத்தால்தான். ஐந்து நிமிட அவசரத்தில் முழுப் பாதுகாப்பும் போய்விடும். இன்றே உங்கள் கோப்புகளைத் திறந்து இதைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் சரக்கு அங்கே கிடந்தால்

விலை முழுதும் கட்டும்வரை உரிமை உங்களிடமே என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், மீட்புக் காலத்தில் லாரியை அனுப்பிச் சரக்கை அள்ளி வர முடியாது. கம்பெனியிடம் முறையாக இருக்கும் பொருள், அது உங்களுடையதே ஆனாலும், தடைக்குள் அடங்கும்.

செய்ய வேண்டியதை வரிசை பிசகாமல் செய்யுங்கள். முதலில், கட்டத் தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தவறைச் சுட்டி நோட்டீஸ் கொடுத்து, கெடு கழிந்ததும் எழுத்தில் ரத்து செய்யுங்கள். ரத்து செய்வது ‘அமலாக்க நடவடிக்கை’ ஆகாது, தடை அதைத் தொடாது என்று 2015-இல் ஃபர்ஸ்ட்ராண்ட் வங்கி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ரத்தானபின் கம்பெனி அந்தச் சரக்கை வைத்திருப்பதற்கு ஆதாரம் ஒப்பந்தத்தில் இல்லை. அப்போது நிர்வாகியிடம் சரக்கைக் கேட்டு எழுதுங்கள். கடை வாடகைக்கு விட்டவர்களுக்கும் இதே பாதைதான். முறையான உரிமை இல்லாமல் குடியிருக்கும் கம்பெனியை வெளியேற்ற மீட்புத் தடை குறுக்கே வராது என்று ஜோஹானஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2016-இல் கைத்தெரா கோர்ட் வழக்கில் சொன்னது.

கலைப்பில் வேறொரு விதியும் உண்டு. ரொக்கத்துக்கு விற்று, பணம் வராமல் போன சரக்கைக் கொடுத்த 10 நாளுக்குள் எழுத்தில் திரும்பக் கேட்கலாம். 11-ஆம் நாள் அந்த வழி மூடிவிடும்.

மீட்பில் புதிய சரக்கு கொடுப்பதா?

பழைய கணக்கில் ஒரு ரேண்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள். புதுக் கணக்கு எண் திறந்து, முடிந்தவரை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். கடனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், இது மீட்பு தொடங்கியபின் தரப்படும் நிதி என்று நிர்வாகி கையெழுத்திட்ட கடிதத்தை வாங்கிய பிறகே வண்டியை ஏற்றுங்கள். 135-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட கடன் பழைய ஈடில்லாக் கடன்களுக்கு முன்னால் நிற்கும். அதற்கும் முன்னால் நிர்வாகியின் கட்டணமும் மீட்புச் செலவும், அடுத்து மீட்புக் காலத்து ஊழியர் சம்பளமும் நிற்கும்.

இந்த முன்னுரிமையை நம்பி ‘நமக்கு ஆபத்தில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் மஷ்வாயி புராஜெக்ட்ஸ் எதிர் வெஸ்கோல் மைனிங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றப் பெரும்பான்மை, மீட்பு தொடங்கியபின் கடன் கொடுத்தவர்களும் ‘கடன்கொடுத்தோர்’ என்ற சொல்லுக்குள் வருவார்கள், அவர்களுக்கும் வாக்கு உண்டு, திட்டம் அவர்களையும் கட்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பணத்தை எதிர்பார்த்துக் கடைசிவரை ஒதுங்கி நிற்காதீர்கள். கூட்டத்துக்குப் போங்கள், வாக்களியுங்கள்.

வட கடற்கரையில் இதன் கனத்தை நேரில் அறிந்தவர்கள் ஏராளம். 2022 அக்டோபரில் சர்க்கரைக் கம்பெனியான தொங்காட் ஹியூலெட் மீட்புக்குப் போனபோது கரும்பு விளைவிப்போர், லாரி வைத்திருப்போர், உதிரிபாகக் கடைக்காரர் எல்லாருடைய கணக்கும் ஒரே நாளில் நின்றது. அந்த விவகாரத்தில் டர்பன் உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்ன ஒரு செய்தி சிறுவணிகருக்கும் பாடம். மீட்பு நிர்வாகி ஒப்பந்தக் கடமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். ஆனால் சர்க்கரைத் தொழிலின் லெவி சட்ட ஆணையிலிருந்து பிறப்பது, ஒப்பந்தத்திலிருந்து பிறப்பது அல்ல. அதனால் அதை நிறுத்திவைக்க முடியாது. உங்கள் பாக்கி எதிலிருந்து பிறந்தது என்று யோசியுங்கள்: ஒப்பந்தத்திலா, சட்டத்திலா? நிர்வாகியின் ‘நிறுத்திவைக்கிறோம்’ கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

கூட்டமும் வாக்கும்

நிர்வாகி நியமனமான 10 வேலைநாளுக்குள் கடன்கொடுத்தோரின் முதல் கூட்டம். 25 வேலைநாளுக்குள் திட்டம் வர வேண்டும். நீதிமன்றமோ பெரும்பான்மைக் கடன்கொடுத்தோரோ நீட்டிக்கலாம், நடைமுறையில் நீட்டிப்பது வழக்கமாகிவிட்டது. திட்டம் வெளியான 10 வேலைநாளுக்குள் வாக்கெடுப்பு.

முதல் கூட்டத்துக்கு முன்பே உங்கள் கடன் ஆதாரத்தை நிர்வாகிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். திட்டம் கைக்கு வந்தால் அழகான முன்னுரையைப் புரட்டிவிட்டு மூன்று இடங்களுக்குப் போங்கள். ‘அ’ பகுதியில் கலைத்தால் ரேண்டுக்கு எத்தனை சென்ட் கிடைக்கும் என்ற எண் இருக்கும். ‘ஆ’ பகுதியில் திட்டப்படி எத்தனை சென்ட், எப்போது என்று இருக்கும். நிர்வாகியின் சம்பள ஒப்பந்தமும் கூடவே இணைக்கப்பட்டிருக்கும். விதிப்படிக் கட்டணம் மணிக்குச் சிறு கம்பெனிக்கு 1,250, நடுத்தரத்துக்கு 1,500, பெரியதற்கு 2,000 ரேண்ட். இதற்கு மேல் வெற்றிக்கட்டணம் என்று ஏதாவது இருந்தால் அது கடன்கொடுத்தோரின் தனி ஒப்புதலுக்கு வர வேண்டும், கேளுங்கள். 2018-இல் டீனர் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம், மீட்பு தோற்றுக் கலைப்புக்குப் போனால் நிர்வாகியின் கட்டணம் ஈடுவைத்த வங்கியை முந்திக்கொண்டு வராது என்றது.

திட்டம் நிறைவேற, போடப்பட்ட வாக்குகளின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். அதோடு கம்பெனிக்கும் நிர்வாகிக்கும் உறவில்லாத சுயேச்சையான கடன்கொடுத்தோர் போட்ட வாக்குகளில் குறைந்தது 50 சதவீதம் ஆதரவாக இருக்க வேண்டும். ‘போடப்பட்ட வாக்குகள்’ என்பதைக் கவனியுங்கள். மொத்தக் கடன் 1 கோடி ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சத்துக்கு உரியவர்கள் மட்டும் வாக்களித்தால், 10 லட்சம் எதிர்த்தாலே திட்டம் விழுந்துவிடும். நாலைந்து சிறு சப்ளையர்கள் கூடிப் பேசி ஒரே வக்கீலை அமர்த்தினால் எட்டக்கூடிய எண் இது. “வங்கிதான் முடிவு பண்ணும்” என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அவர்கள் முடிவுதான் உங்கள் தலையில் விழும்.

கலைப்பு: நீங்களே கேட்பதானால்

பாக்கி 100 ரேண்டுக்குக் குறையாமல் இருந்தால் 1973 சட்டத்தின் 345-ஆம் பிரிவுப்படிக் கோரிக்கைக் கடிதம் கொடுக்கலாம். ஷெரிஃப் மூலம் கம்பெனியின் பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். பல கம்பெனிகளுக்கு அது அக்கவுன்டன்ட்டின் அலுவலகமாக இருக்கும். பட்டறை வாசலில் கொடுத்தது கணக்கில் வராது. 3 வாரத்தில் கட்டாவிட்டால், ஈடும் தராவிட்டால், கம்பெனி கடன் கட்ட இயலாதது என்று சட்டம் கருதும்.

கடனை நல்லெண்ணத்தோடும் நியாயமான காரணத்தோடும் கம்பெனி மறுத்தால் கலைப்பு மனு தள்ளுபடியாகும். 1956-ஆம் ஆண்டு பேடன்ஹார்ஸ்ட் தீர்ப்பின் இந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. சரக்கில் குறை என்று முன்பே கடிதம் வந்திருந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள், சாதாரண வழக்காகப் போடுங்கள். மறுப்பில்லாத கடன் என்றால் நிலைமை நேர்மாறு. 2017-இல் ஆஃப்கிரி எதிர் ஹம்பா ஃப்ளீட் தீர்ப்பின்படி, பணம் கிடைக்காத கடன்கொடுத்தவருக்குக் கலைப்பு ஆணை கேட்கும் உரிமை உறுதியானது, அதை மறுக்க நீதிபதிக்கு இருக்கும் இடம் மிகக் குறுகியது. எங்களுக்கும் எதிர்க்கடன் இருக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது.

கடைசி நேரத்தில் பங்குதாரர் ஒருவர் மீட்பு மனு போட்டு உங்கள் கலைப்பு வழக்கை நிறுத்தப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தந்திரம். 2008 சட்டத்தின் 131(6) பிரிவு அதற்கு இடம் தருகிறது. இறுதிக் கலைப்பு ஆணைக்குப் பிறகும் இது முடியும் என்று 2015-இல் ரிக்டர் தீர்ப்பு சொன்னது. ஆனால் 2022-இல் ஆஃப்ரிகன் குளோபல் வழக்கில் நீதிமன்றம் ஒரு வேலியும் போட்டது: மனுவைப் பதிவு செய்தால் மட்டும் போதாது, கம்பெனிக்கும் சிஐபிசிக்கும் முறைப்படி நகல் சேர்ப்பித்து, பாதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அறிவித்த பிறகுதான் கலைப்பு நிற்கும். ஆகவே அத்தகைய மனு வந்தால் முதல் கேள்வி: எல்லாருக்கும் அறிவித்தார்களா, சான்று எங்கே? இரண்டாவது: மீள நியாயமான வாய்ப்பு என்று எதைக் காட்டுகிறார்கள்? 2013-இல் ஓக்டீன் தீர்ப்பு வகுத்த அளவுகோல்படி வெறும் நம்பிக்கையும் ‘முதலீட்டாளர் வருகிறார்’ என்ற வாக்கும் எடுபடாது. உண்மையான அடிப்படை வேண்டும்.

கைக்கு வந்த பணம் திரும்பிப் போவது

கலைப்பு, மனு நீதிமன்றத்தில் பதிவான நாளிலேயே தொடங்கியதாகக் கொள்ளப்படும். அதன்பின் கம்பெனி உங்களுக்குக் கட்டியது செல்லாது. கலைப்பை நடத்தும் லிக்விடேட்டர் திரும்பக் கேட்பார். இடைக்காலக் கலைப்பு ஆணைக்குப் பின் கட்டியதை நீதிமன்றமே நினைத்தாலும் செல்லுபடியாக்க முடியாது என்று 2021-இல் பிரைட் மில்லிங் வழக்கில் தீர்ந்தது. அதற்கு முந்தைய 6 மாதத்தில் வாங்கிய பணமும் திவால் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் மாட்டலாம். அதிலிருந்து தப்ப, வழக்கமான வணிக நடைமுறையில் வந்தது, உங்களுக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தில் அல்ல என்று காட்ட வேண்டும். மிரட்டி வாங்கிய ஒட்டுமொத்தத் தொகையைவிட, மாதந்தோறும் ஸ்டேட்மென்ட் தேதியில் வந்த தொகைக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்கும்.

கடனை நிரூபிக்கும் முன் ஒரு கேள்வி

கலைப்பில் ‘சி’ படிவப் பிரமாணப் பத்திரத்தோடு கடனை நிரூபிக்க வேண்டும். கணக்கில் விற்ற சரக்கென்றால், கடைசி 12 மாதத்துக்கோ முழு வணிகக் காலத்துக்கோ, எது குறைவோ அதற்கு, மாதவாரிக் கொள்முதலும் கட்டணமும் காட்டும் பட்டியலை இணையுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல்தான் நிறையக் கடன்கள் நிராகரிக்கப்படுகின்றன. கூட்டத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தலைமை வகிக்கும் அதிகாரியின் அலுவலகத்தில் தாள்கள் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்குப் பின் 3 மாதம் கடந்தால் நீதிமன்றமோ, கலைப்புகளைக் கண்காணிக்கும் அதிகாரியான மாஸ்டரோ அனுமதித்தால்தான் உண்டு, செலவும் உங்கள் தலையில்.

ஆனால் நிரூபிப்பதற்கு முன் லிக்விடேட்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: “காண்ட்ரிபியூஷன் ஆபத்து இருக்கிறதா?” வங்கி ஈடு போக மீதிச் சொத்து கலைப்புச் செலவுக்கே போதாவிட்டால், நிரூபித்த கடன்கொடுத்தோர் தங்கள் கடன் விகிதப்படி கையிலிருந்து கட்ட வேண்டும் என்கிறது திவால் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. 2,30,000 ரேண்டை இழந்ததோடு மேலும் பணம் கட்டும் நிலை வரும். கலைப்பு மனு போட்டவர் நிரூபிக்காவிட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பதில் தெளிவில்லை என்றால் காத்திருங்கள், சொத்துக் கணக்கு தெரிந்தபின் பின்னால் வரும் கூட்டத்தில் நிரூபிக்கலாம்.

அங்கே வேலை பார்த்த உறவினரோ அண்டை வீட்டாரோ கேட்டால் சொல்லுங்கள்: ஊழியருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாக்கிச் சம்பளத்துக்கு 12,000, விடுப்புக்கு 4,000, வேலைநீக்க இழப்பீட்டுக்கு 12,000 ரேண்ட் வரை அவர்களுக்கு முன்னுரிமை உண்டு, கடனை நிரூபிக்காவிட்டாலும்.

வாட் வரியும் இயக்குநரும்

இன்வாய்ஸ் அடிப்படையில் வாட் கட்டுபவர் என்றால், வராத பாக்கிக்கும் வரித்துறையான சார்ஸுக்கு ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். வசூலாகாது என்று கணக்கில் தள்ளுபடி செய்து எழுதியதும் 15/115 பங்கைத் திரும்பப் பெறலாம். 2,30,000-க்கு அது 30,000 ரேண்ட். பல பட்டறைக்காரர்கள் லிக்விடேட்டரிடமிருந்து வரும் சில்லறைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு பங்குத்தொகை ஏதாவது வந்தால் அதில் வாட் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இயக்குநரையே நேராகப் பிடிக்கலாமா? 2024 ஏப்ரலில் வெனேட்டர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பிரபலமான வழியை அடைத்தது. 2008 சட்டத்தின் 22-ஆம் பிரிவிலுள்ள பொறுப்பில்லா வணிகத் தடை கம்பெனிக்கானது. 218(2) பிரிவை அதனுடன் சேர்த்துக்கொண்டு இயக்குநரிடம் கடனைக் கேட்க முடியாது என்றது. பழைய சட்டத்தின் 424-ஆம் பிரிவு இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் அதற்கு அவர் தெரிந்தே பொறுப்பில்லாமலோ மோசடியாகவோ நடத்தியதற்குச் சான்று வேண்டும்: கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் கொடுத்த ஆர்டர்கள், அந்த வாரங்களில் கம்பெனியிலிருந்து குடும்பக் கணக்குக்குப் போன தொகைகள். இயக்குநரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்கக் கோரும் காலக்கெடு முன்பு 24 மாதமாக இருந்தது. 2024 டிசம்பர் 27 முதல் 60 மாதமாகிவிட்டது. லிக்விடேட்டர் விசாரணை நடத்தும்போது உங்கள் வாட்ஸ்அப் செய்திகளையும் ஆர்டர் தாள்களையும் தேதி வரிசையில் அவரிடம் கொடுத்து வையுங்கள். இங்கே சொன்ன தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றைச் சாஃப்லி என்ற தீர்ப்புத் தளத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம். அட்டர்னியைப் பார்க்கப் போகும் முன் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் ஒன்றையாவது படித்துவிட்டுப் போங்கள்.